கண் இல்லாத சட்டை

அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் இடையில் அது கிடந்தது. பிளாஸ்டிக் பை என்று நினைத்துத்தான் ஜெயசித்ரா விளக்குமாற்றால் இழுத்தாள். சரசரவென்று நீண்டுகொண்டே வந்தது. பாம்புச் சட்டை. சுண்டுவிரல் பருமன், ஒரு முழம் இருக்கும், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு.

அவள் பயப்படவில்லை. அந்த வீட்டில் பாம்புச் சட்டை புதிதில்லை. பின்கட்டில் முன்பு நெல் மூட்டை அடுக்கிய அறையில் அவள் கணவர் அறிவரசன் ஒரு ஜோடி வெள்ளை மலைப்பாம்புகள் வளர்த்தார். அவை சட்டை உரித்தால் துண்டை நனைத்துப் போட்டதுபோல் அகலமாகக் கிடக்கும். ஆனால் அந்த அறை எப்போதும் பூட்டியே இருக்கும். இது சமையலறை. இது ஒரு குட்டியின் சட்டை. வீட்டில் இப்போது குட்டி எதுவும் கிடையாது.

விலங்கியல் படித்த பழக்கத்தில் தலைப்பக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பாம்புக்கு இமை இல்லை. கண்ணின் மேல் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு செதில் மூடியிருக்கும். சட்டை உரியும்போது அதுவும் சேர்ந்து கழன்று வரும். எந்தச் சட்டையை எடுத்தாலும் தலையின் இரு பக்கமும் இரண்டு தெளிவான வட்டங்கள் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே ஒன்றுமில்லாத அந்தச் சட்டை நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

இது பார்க்கவில்லை. மூக்குத் துளைகள் இருந்தன. உதட்டோரத்தில் குழிகள் வரிசையாக இருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் செதில். ஒன்றை ஒட்டி ஒன்றாக, முதுகில் இருப்பது போலவே, ஒழுங்கான செதில். அவள் விரலை உள்ளே விட்டாள். உள்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.

"மாமா, இதைப் பாருங்களேன்."

அறிவரசன் பல் தேய்த்துவிட்டுத் துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டே வந்தார். கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு கணம் அவர் கட்டைவிரல் தலைப்பக்கத்தைத் தடவி நின்றது.

"எங்கேர்ந்து எடுத்த?"

"டிரம்முக்குப் பின்னாடி."

"போன வருஷத்துதா இருக்கும். எலி இழுத்துட்டு வந்திருக்கும்."

"ஈரமா இருக்கு மாமா."

"படிச்ச படிப்பு உன்னை விட மாட்டேங்குது புள்ள," என்று சிரித்தார். சட்டையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கினார். எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டுச் சட்டை மாட்டப் போனார். அடுப்பிலிருந்து தலைமுடி கருகும் வாசனை வந்தது.

அதில் கண் இல்லை என்று அவள் சொல்ல நினைத்தாள். பேச்சு தொண்டைவரை வந்து நின்றுவிடுவது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். நின்றுவிட்டது.

*

அறிவரசன் அவளுக்குத் தாய்மாமன். அம்மா செங்கமலத்தின் தம்பி. அவளைத் தோளில் உட்கார வைத்துச் சிறுவாச்சூர்க் கோயில் கூட்டத்தில் சாமி காட்டிய மனிதர். அவள் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தபோது நிச்சயம் செய்தார்கள். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்றார்கள். அம்மாவும் அத்தை மகனைத்தான் கட்டியிருந்தாள். அம்மாவைப் பெற்றவர்களும் அப்படித்தான். கல்லூரியில் பரம்பரைப் படம் வரையச் சொல்லிக் கொடுத்தபோது, சொந்தத்தில் நடந்த கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு போட வேண்டும் என்றார்கள். ஜெயசித்ரா தன் வீட்டுப் படத்தை வரைந்து பார்த்தாள். ஒற்றைக் கோடே வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "என்னடி, ரயில் தண்டவாளம் போட்டு வச்சிருக்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வீடு அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போகும் லாரிப் பாதையில் தனியாக நின்றது. அறிவரசனின் லாரிகளும் அந்தப் பாதையில்தான் ஓடின. நாள் முழுக்க வெள்ளைத் தூசி வந்து இறங்கும். ஓட்டின் மேல், முருங்கை இலையின் மேல், கொடியில் காயும் துணியின் மேல். துடைத்த இடத்தை மறுபடி துடைப்பதற்குள் விரலால் பெயர் எழுதலாம். பின்பக்கம் பழைய காளவாய் இருந்தது. தாத்தா காலத்தில் அதில் சுண்ணாம்புக்கல் சுட்டார்கள். இப்போது அது இடிந்து, அடிச்சுவர் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி நின்றது. அதற்குப் பக்கத்தில் சுட்ட கல்லைத் தண்ணீர் ஊற்றி நீற்றும் குழி. காளவாய் ஓய்ந்த பிறகும் குழியை யாரும் மூடவில்லை; வெள்ளையடிக்க வாங்கும் சுட்ட கல் பக்கத்தில் மூட்டையாகக் கிடக்கும். பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கனத்த கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நத்தைபோலச் சுருண்ட கல். இந்தப் பக்கத்து மண்ணைத் தோண்டினால் அப்படிக் கல் வரும்.

வெள்ளைப் பாம்புகளை அறிவரசன் சென்னையில் ஒரு வியாபாரியிடம் குட்டிகளாக வாங்கியிருந்தார். சிவப்புக் கண்ணும் பால் நிற உடம்பும். ஆண் ஒன்று, பெண் ஒன்று, ஒரே தாய் ஒரே ஈற்றில் இட்ட முட்டைகளில் பொரிந்தவை. வெளியே தெரிந்தால் வனத்துறை வரும். அதனால் பின்கட்டில் காளான் வளர்ப்பதாக ஊரில் சொல்லி வைத்திருந்தார். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் பெண் பாம்பு முதல் முறையாக முட்டையிட்டு, அதைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. அதற்கு ராணி என்று பெயர் வைத்திருந்தார்.

அன்றைக்கு மட்டும் அவளுக்குத் தைரியம் வந்தது. "இது ரெண்டும் அண்ணன் தங்கச்சி மாமா. வேற பாம்போட சேக்கணும்."

"சேத்தா?"

"முதல் ஈத்துல குட்டியெல்லாம் சாதாரணப் பழுப்பாத்தான் வரும். வெள்ளை உள்ள ஒளிஞ்சிருக்கும். அதுங்க குட்டி போடும்போது திரும்பி வந்துடும். இப்படியே போனா கண்ணு, முதுகெலும்பு எல்லாம்..."

"பழுப்பா இருக்கறத எவன் தேடி வந்து வாங்குவான்? வெளி ரத்தம் கலந்தா வெள்ளை கெட்டுப் போயிடும் புள்ள." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவர் எதையுமே கோபமாகச் சொல்வதில்லை.

முட்டைகள் பொரிந்தன. நல்ல குட்டிகளை ஒரு கார் வந்து எடுத்துக்கொண்டு போனது. மீதி இருந்தவற்றை அவர் ஒதுக்கினார். ஒதுக்குவது என்பதுதான் அவர் சொல். ஒன்றுக்கு முதுகு படிக்கட்டு மாதிரி மடிந்திருந்தது. ஒன்று எது மேலே எது கீழே என்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பி மல்லாந்துகொண்டே இருந்தது. இரண்டும் சாயங்காலத்துக்குள் தாமாகவே செத்தன. மற்ற மூன்று உயிரோடு இருந்தன. திடமாக, அழகாக, தூய வெள்ளையாக இருந்தன. கண் மட்டும் இல்லை. ஜெயசித்ரா கையை நீட்டியபோது மூன்றும் தலையைத் தூக்கி அவள் கை இருந்த திசைக்குத் திரும்பின. உதட்டோரக் குழிகளால் சூட்டை அறியும். கண் இல்லாவிட்டாலும் வழி தெரியும்.

அறிவரசன் அவற்றை மூடி போட்ட சிவப்பு வாளியில் போட்டார்.

"எங்க மாமா கொண்டு போறீங்க?"

"வெளியில விட்டுட்டு வரேன்."

கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு சுண்ணாம்பு கொதிக்கும் சத்தம், பெரிய சட்டியில் எண்ணெய் பொரிவது மாதிரி, நெடுநேரம். வாளி துவைக்கிற கல்லின் மேல் கவிழ்ந்து காய்ந்தது. அதன் விளிம்பில் வெள்ளை படிந்திருந்தது.

*

இந்த வருஷம் பங்குனியில் ராணி மறுபடி முட்டையிட்டது. தையிலிருந்து ஜெயசித்ராவும் முழுகாமல் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அட்டையைப் பார்த்துக்கொண்டே, "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். தாய்மாமன் என்றாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சாம் மாசத்துல ஒரு ஸ்கேன் கட்டாயம் எடுத்துடும்மா. பெரம்பலூர்ல எடுப்பாங்க. இல்லாட்டி திருச்சி போயிடுங்க."

அன்று சாப்பாட்டின்போது சொன்னாள். அறிவரசன் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பாத்து என்ன பண்ணப் போற?"

"கண்ணு, கை கால் எல்லாம் சரியா இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம் மாமா."

"இல்லாட்டி?"

அவள் மோர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பொறந்ததும் தெரியப்போவுது. நீ ஒண்ணும் கவலப்படாத. நம்ம வூட்டுல அந்த மாதிரிப் பொறந்து தங்கினது இல்ல." அவள் தட்டில் இன்னொரு அப்பளம் எடுத்து வைத்தார். "சாப்புடு."

அந்த வாக்கியத்தை அவள் பல தடவை நினைத்துப் பார்த்தாள். ஆறுதலாகத்தான் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் குளிர்ந்துகொண்டே வந்தது.

கரண்ட் அடிக்கடி போகிற கோடைக்காலம். கரண்ட் போனால் பின்கட்டு அறையில் சூடு கொடுக்கும் பல்பும் அணைந்துவிடும். அப்போது ராணி நடுங்க ஆரம்பிக்கும். குளிரால் இல்லை. உடம்பை இறுக்கி இறுக்கி உதறித் தானே சூடு உண்டாக்கி முட்டைக்குக் கொடுக்கும். பாடத்தில் ஒரு வரியில் படித்ததுதான். ஆனால் அந்த வீட்டில் அது ஓசையாக இருந்தது. மின்விசிறி நின்றதும், லாரிகளும் ஓய்ந்த நேரத்தில், ராணி கிடக்கும் பெட்டியின் கண்ணாடிக் கதவு அதன் சட்டத்தில் லேசாக அதிரும் ஓசை சுவர் வழியாக, தரை வழியாக, கட்டில் கால் வழியாக அவள் முதுகுக்கு வந்து சேரும். விட்டு விட்டு வரும். கொஞ்சம் நடுக்கம், கொஞ்சம் நிறுத்தம். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். பிள்ளை இன்னும் அசையவில்லை.

ஒரு நாள் கரண்ட் இருந்தபோதும் கேட்டது. எழுந்து போய் அறைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பல்பு எரிந்தது. ராணி அசையாமல் தூங்கியது.

ஓசை மட்டும் இருந்தது. அது சமையலறைப் பக்கமிருந்து வந்தது.

*

பாத்திரம் தேய்க்கவும் பெருக்கவும் வரும் வீரம்மாள் காலையில் பின்வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, இங்க வந்து பாரு. உங்க வூட்டுக்காரரு ராத்திரி டயரு எதுவும் உருட்டினாரா?"

வெள்ளைத் தூசியில் ஒரு தடம். நெளியாமல், நேர்கோடாக, ஒரு கை அகலத்துக்கு அழுந்திப் போயிருந்தது. காளவாய்ப் பக்கமிருந்து வந்து பின்கதவில் முடிந்தது. பக்கத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"பாம்புன்னா வளைஞ்சு வளைஞ்சுல்ல போவும்," என்றாள் வீரம்மாள். "இது என்னாது, கோடு போட்டாப்ல?"

கனமான மலைப்பாம்பு நேராகத்தான் ஊரும். ஜெயசித்ரா சொல்லவில்லை. "சாக்கு இழுத்திருப்பாங்கக்கா."

"காளான் சாக்கா? அந்தக் காளான ஒரு நா கண்ணுலயாச்சும் காட்டு பாப்பா. கொழம்பு வைக்கலாம்னா ஒரு பிடி குடுக்க மாட்டேங்கறாரு மனுசன். அப்படி என்னாத்த வளக்கறாரு, தங்கத்துலயா?" தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு தடத்தின் மேல் விளக்குமாற்றைப் போட்டாள். வெள்ளைப் புழுதி எழும்பி அடங்கியது. தடம் போய்விட்டது.

திரும்பும்போது ஜெயசித்ரா கவனித்தாள். பின்கதவுக்கு முட்டுக் கொடுத்த சுருள்கல் ஒரு சாண் உள்ளே தள்ளியிருந்தது. அதை நகர்த்த அவளுக்கே இரண்டு கையும் வேண்டும்.

மத்தியானம் தூக்கம் அடித்துப் போட்டது. வெக்கைக்குத் தரையில் பாய் விரித்து ஒருக்களித்துப் படுத்தாள். கனவு எதுவும் இல்லை. விழித்தபோது வயிற்றுப் பக்கம் இதமாக இருந்தது, யாரோ அணைத்துப் படுத்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல. கையை நீட்டினாள். பாய் அவள் படுக்காத இடத்தில் சூடாக இருந்தது.

இடுப்பில் ஏதோ உறுத்தியது. சேலைக் கொசுவத்தில் செருகியிருந்த ஊக்கில் ஏதோ மாட்டியிருந்தது. இழுத்தாள். சரசரவென்று வந்தது. அவள் முதுகைச் சுற்றி, காலடியைச் சுற்றி, மறுபடி வயிற்றுப் பக்கம் வந்து, வட்டமாக அவளை நடுவில் வைத்துக் கிடந்தது. அவள் கை பருமன். ஈரம்.

சட்டை உரிக்கும் பாம்பு எதிலாவது உரசும். கல்லில். மரத்தில்.

தலைப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க அவளுக்கு மனமில்லை. பார்த்தாள்.

வட்டங்கள் இல்லை.

*

ஐந்தாம் மாதத்துக்குப் பலகாரமும் பூவும் எடுத்துக்கொண்டு அம்மா திருமானூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். இது அம்மாவுக்கும் பிறந்த வீடு. மாமனைக் கட்டியதால் ஜெயசித்ராவுக்குப் பிரசவத்துக்குப் போக வேறு தாய்வீடு என்று ஒன்று இல்லை. திருமானூர் வீட்டில் அப்பா இறந்த பிறகு அம்மா ஒற்றை அறையில் இருந்தாள். இங்கேதான் பெற வேண்டும்.

அம்மா அவளை முன்னால் உட்கார வைத்துத் தலை பின்னினாள். அறிவரசன் லாரி ஷெட்டுக்குப் போயிருந்தார். வெளியே வானம் மூடிக்கொண்டு புழுக்கமாக இருந்தது.

"எனக்கு முன்னாடி உனக்கு எத்தனைம்மா பொறந்துச்சு?"

சீப்பு நின்றது. "இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"சொல்லேன்."

"மூணு." அம்மா மறுபடி வாரத் தொடங்கினாள். "ஒண்ணும் தங்கல. எல்லாம் இங்கதான். தலைப்பிரசவம் தாய்வூட்டுலன்னு வந்தேன். சரியில்லன்னு ஆனதும் அடுத்ததுக்கும் இங்கயே கூட்டிட்டு வந்துட்டாங்க. ஊருக்குத் தெரிய வேணாம்னு."

"செத்தா பொறந்துச்சு?"

அம்மா ரப்பர் பேண்டைப் பல்லால் கடித்து இழுத்து முடியில் சுற்றினாள்.

"அம்மா."

"கடைசிது அழுதுச்சு," என்றாள் அம்மா. குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. "நல்லா அழுதுச்சு. நல்ல செவப்பு. மொகத்தப் பாத்தேன். கண்ண மூடியிருக்குன்னு நெனச்சேன். தொட்டுப் பாத்தேன். தொறக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

ஜெயசித்ரா திரும்பவில்லை.

"எங்கப்பாதான் வாங்கிக்கிட்டாரு. பின்னாடி கொண்டு போயிட்டாரு. அழுகை கொஞ்ச நேரம் கேட்டுச்சு. பொறவு சுண்ணாம்பு கொதிக்கற சத்தம்தான். உங்க மாமன் அப்ப சின்னப் பையன். லாந்தரு புடிச்சுக்கிட்டுக் கூடப் போனான். வந்து என் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, அழுவாதக்கா, வெளியில விட்டுட்டு வந்தாச்சுன்னான்." அம்மா பின்னலின் நுனியைக் கட்டி முடித்து, பூவை எடுத்தாள். "நீ நல்லாத்தான பொறந்த? அத நெனச்சுக்க. உனக்கும் நல்லாத்தான் பொறக்கும். அவன் உன்னை நல்லா பாத்துப்பான்."

பூ வைக்கும்போது அம்மாவின் விரல்கள் நடுங்கின. விட்டு விட்டு நடுங்கின.

"பெரம்பலூருக்கு என் கூட வரியாம்மா? ஸ்கேன் எடுக்க."

"தம்பி வேணாம்னு சொல்றானே."

"நாளைக்கே போலாம்மா."

"அவன் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்," என்றாள் அம்மா. மழைக்கு முன்னால் பஸ் பிடிக்க வேண்டுமென்று எழுந்தாள். ஜெயசித்ரா வாசல்வரை போய் நின்றாள். அம்மா பாதையில் சின்னதாகி, லாரிப் புழுதிக்குள் போய், வெள்ளையாகி, இல்லாமல் போனாள்.

*

அறிவரசன் வந்த கொஞ்ச நேரத்தில் காற்று எழுந்தது. சுரங்கத்தின் தூசி மொத்தமும் கிளம்பி வந்தது போல ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருட்டியது. கரண்ட் போனது. பின்கட்டு அறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"ராணி முட்டைய விட்டு எறங்கிடுச்சு புள்ள."

அவள் கதவருகே போய் நின்றாள். ராணி முட்டைகளை விட்டு விலகிப் பெட்டியின் மூலையில் சுவரோடு மூக்கை அழுத்திக் கிடந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் படுக்கும் அறை. முட்டைகள் தனியாக, கொத்தாக, மங்கிய வெள்ளையாகக் கிடந்தன. அறிவரசன் ஒன்றை எடுத்து அதன் பின்னால் டார்ச்சைப் பிடித்தார். முட்டை உள்ளிருந்து சிவந்து ஒளிர்ந்தது. மெல்லிய ரத்தக் கோடுகள், நடுவில் சுருண்ட நிழல். டார்ச்சை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளேடால் தோலைக் கீறினார். உள்ளே பார்த்தார். வாளியில் போட்டார்.

அடுத்ததை எடுத்தார்.

"எல்லாமே வீணாப் போச்சு," என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். "ஒண்ணுக்குக்கூட கண்ணு இல்ல."

வாளிக்குள் ஏதோ மெதுவாக அசைந்தது. அவர் மூடியை அழுத்தி மூடினார்.

"மாமா." அவள் வாளியைக் காட்டினாள். "அதுங்க உயிரோட இருக்கு."

"நீ போயிப் படு. புழுதி ஆவாது உனக்கு."

அவள் போய்ப் படுத்தாள். இடுப்பு வலித்தது. பின்கதவு திறந்தது, சுருள்கல் தரையில் கரகரத்தது, அவர் காலடிகள் காளவாய்ப் பக்கம் போயின. முதல் தூறல் ஓட்டில் விழுந்தது. சூடான மண்ணின் வாசனை. பிறகு அந்தச் சத்தம். பெரிய சட்டியில் எண்ணெய் பொரிவது மாதிரி. மழை வலுத்து அதன்மேல் கொட்டியது, சத்தம் வீட்டைவிடப் பெரிதானது.

அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அதனால்தான் கல் மறுபடி நகர்ந்ததைக் கேட்கவில்லை. வாசனைதான் முதலில் வந்தது. ஈரச் சுண்ணாம்பு. புதிதாக வெள்ளையடித்த வீட்டின் வாசனை.

"மாமா?"

காலடி இல்லை.

கட்டிலின் கால்மாடு தாழ்ந்தது. ஒரு கனம் ஏறியது. நின்றது. இன்னொன்று ஏறியது. கணுக்காலில் குளிர் பட்டது. ஈரமான, அவசரமில்லாத குளிர். முழங்காலைத் தாண்டியது. தொடையைத் தாண்டியது. அவள் கத்தியிருக்கலாம். பேச்சு தொண்டைவரை வந்தது.

நின்றுவிட்டது.

வயிற்றுப் பிள்ளை தாயின் உடம்பைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடாக இருக்கும். எங்கோ படித்தது. இப்போது எதற்கு நினைவு வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சூடு இருக்கும் இடத்துக்கு வரும். கண் வேண்டாம்.

மின்னியது.

மூன்று. வெள்ளை. அங்கங்கே வெந்து, ஆறி, சுண்ணாம்புபோல் பொருக்குத் தட்டியிருந்தன. இடுப்பைச் சுற்றி ஒன்று, அதன்மேல் ஒன்று, அதன்மேல் ஒன்று. மூன்று தலைகளும் வயிற்றின் மேட்டில் சேர்ந்து கிடந்தன. வழவழப்பான தலைகள். உதட்டோரக் குழிகள் அவள் தோலில் அழுந்தியிருந்தன. அவை இறுக்கவில்லை.

இருட்டு.

பிறகு நடுக்கம் ஆரம்பித்தது. கொஞ்சம் நடுக்கம், கொஞ்சம் நிறுத்தம். மறுபடி. குளிர் மெதுவாகக் குறைந்தது. இதமாயிற்று. பிறகு சூடாயிற்று. இடுப்பு வலி கரைந்து போனது. பாயில் விழித்த அன்று இருந்த அதே சூடு.

அடைகாக்கின்றன.

அப்போதுதான் உள்ளே பிள்ளை முதல் தடவையாக அசைந்தது. உதை இல்லை. புரளல் இல்லை. நடுக்கம். வெளியே அவை நடுங்கியபோது உள்ளேயும். அவை நின்றபோது நின்றது. மறுபடி தொடங்கியபோது தொடங்கியது. ஒரே தாளம். அவளுக்கு ஸ்கேன் தேவைப்படவில்லை.

டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடிக்கொண்டு வந்து கதவில் நின்றது.

அறிவரசன் நனைந்திருந்தார். முழங்கைவரை வெள்ளை. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் வாளி. வெளிச்சம் கட்டிலின் மேல் விழுந்தது. மூன்று தலைகளும் எழுந்து அவர் பக்கம் திரும்பின. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர் பார்த்தது அவள் வயிற்றை.

கிட்டே வந்தார். டார்ச்சைத் தாழ்த்தி, வயிற்றின் பக்கவாட்டில் தோலோடு ஒட்டிப் பிடித்தார். தோல் உள்ளிருந்து சிவந்தது.

"அசையாம இரு புள்ள," என்றார் மெதுவாக. "பாத்துடறேன்."

"வேண்டாம்."

அது அவள் குரல்தான். அவ்வளவு சத்தமாக அவள் பேசி அவளே கேட்டதில்லை. இரண்டு கைகளாலும் அந்த வெள்ளை உடம்புகளைப் பிடித்துத் தன்மேல் இறுக்கிக்கொண்டாள். அவை நடுங்கின. அவள் நடுங்கினாள். உள்ளே அதுவும் நடுங்கியது.

அறிவரசன் டார்ச்சை மெதுவாக, மிக மெதுவாக, ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்திப் பார்த்தார். முகத்தில் வருத்தம் வந்தது. குனிந்து, காலி வாளியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார்.

மூடியைத் திறந்தார்.